75 மி.மீ. டிஸ்க், 25,000 சுழற்சி கிரைண்டர்: எந்த வேலைக்கு எது பொருந்தும்?

கேள்வி – பழையவண்டி

வணக்கம். ஓய்வு நேரங்களில் ஒரு பழைய காரைப் பிரித்துச் சரிசெய்து வருகிறேன். காற்றழுத்தத்தில் இயங்கும் டை கிரைண்டர் (சிறு டிஸ்க்குகளை மாட்டிச் சுழற்றும் கைக்கருவி) ஒன்று என்னிடம் உள்ளது. அதன் மீது 25,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுழற்சி) என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. தரைத் தகட்டில் ஏறிய துருவை எடுப்பது, புதிதாக ஒட்டுப்போட்ட இடத்தில் வெல்டிங் மேட்டைச் சமன்செய்வது, சைலன்சர் கிளாம்ப்பின் இறுகிப்போன போல்ட்டை அறுப்பது, அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டை (இரு பாகங்களுக்கிடையே கசிவைத் தடுக்கும் மெல்லிய அடைப்பு) சுரண்டுவது ஆகிய நான்கு வேலைகள் எனக்கு இருக்கின்றன. கடையில் ஒரே மாதிரித் தோன்றும் சிறிய டிஸ்க்குகள் பல நிறங்களில் கிடைக்கின்றன. இவை அனைத்திற்கும் ஒரே வகை போதுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நேற்று 75 மி.மீ. கட்டிங் வீலை மாட்டி ஓட்டியபோது கருவி கையில் கடுமையாக அதிர்ந்ததால் உடனே நிறுத்திவிட்டேன். வீலில் 20,000 என்று அச்சிடப்பட்டுள்ளது. விசையைப் பாதி மட்டும் அழுத்தி மெதுவாக ஓட்டினால் ஆபத்தில்லை என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

பதில் – சுழல்தண்டு

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதில்தான் உயிராபத்து இருக்கிறது. பாதி அழுத்தி ஓட்டலாம் என்பது சரியல்ல. வீல் பொருளை விட்டு விலகும் கணத்தில் விரல் தன்னையறியாமல் இறுகினால் கருவி முழு வேகத்துக்குத் தாவிவிடும். 75 மி.மீ. வீல் 20,000 சுழற்சியில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 78 மீட்டருக்கு மேல் செல்கிறது; 25,000 சுழற்சியில் அது 98 மீட்டராகிறது. வேகம் கால் பங்குதான் கூடுகிறது என்று தோன்றும், ஆனால் வீலைப் பிய்த்தெறிய முனையும் விசை வேகத்தின் இருமடியாக வளர்வதால் அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. டிஸ்க்கில் அச்சிட்ட எண் கருவியின் சுமையில்லா வேகத்துக்கு (எதையும் தொடாமல் சுழலும் வேகம்) சமமாகவோ அதைவிட அதிகமாகவோ இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவுமில்லை. காற்றழுத்தத்தைக் குறிப்பிட்ட 6.2 பாருக்கு மேல் ஏற்றினால், கருவியில் பொறித்த 25,000 என்ற எண்ணையும் நம்ப முடியாது.

அதிர்வுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். 6 மி.மீ. தண்டை 6.35 மி.மீ. கோலெட்டில் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் வளையம்) மாட்டினால், கையால் அசைத்துப் பார்க்கும்போது இறுகியது போலவே இருக்கும், சுழலும்போது மையம் விலகும். வீலின் துளையிலும் இதே சிக்கல் உண்டு, 10 மி.மீ. துளையுள்ள வீல் 9.5 மி.மீ. தண்டில் எளிதாக நுழைந்துவிடும். தண்டை கோலெட்டுக்குள் போதிய ஆழம் செலுத்தாமல் வெளியே நீட்டி விட்டாலும் அது வளையும். ஒருமுறை அதிர்ந்த வீலை, விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், நான் மறுபடி மாட்ட மாட்டேன். அதன் உலோக வளையத்தில் பொறித்த காலாவதித் தேதியையும் பாருங்கள். பிசினால் பிணைத்த வீல்கள் ஈரத்தாலும் வயதாலும் வலுவிழப்பவை.

பதில் – தகட்டுவேலை

டிஸ்க் தேர்வைப் பற்றிச் சொல்கிறேன். துருவை எடுக்கவேண்டிய தரைத் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் உடையது. துரு அதில் ஏற்கனவே ஒரு பங்கைத் தின்றிருக்கும். அங்கே 36 எண் மணல் டிஸ்க்கை (எண் குறையக் குறையத் துகள் முரடு) வைத்தால் துருவோடு நல்ல இரும்பும் போய்விடும். நாரிழைப் பஞ்சு போன்ற டிஸ்க், அதாவது பழுப்பு (முரடு), அரக்கு (நடுத்தரம்), நீலம் (மிக மென்மை) என்று நிறத்தால் பிரிக்கப்படும் வகை, உலோகத்தைப் பெரிதாகக் குறைக்காமல் மேற்பரப்பைச் சுத்தமாக்கும். பழுப்பில் தொடங்கி அரக்கில் முடித்தால் பெயிண்டுக்குப் போதுமானது.

வெல்டிங் மேட்டிற்கு 60 அல்லது 80 எண் ஜிர்கோனியா (ஒரு கடினமான உராய்வுத் துகள்) டிஸ்க் பொருந்தும். இங்கே நிதானம் முக்கியம்: மேட்டின் உச்சியை மட்டும் தொட்டு, இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். தகடு நீலமாக மாறினால் சூடு 300 டிகிரியை நெருங்கிவிட்டது என்று பொருள். மெல்லிய தகடு அதற்குள் நெளியத் தொடங்கியிருக்கும். கட்டிங் வீலின் பக்கவாட்டால் மேட்டைத் தேய்க்கும் பழக்கத்தைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அந்த வீல் விளிம்பால் அறுப்பதற்காக மட்டுமே செய்யப்பட்டது, பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது.

இரும்பில் பயன்படுத்திய டிஸ்க்கை அலுமினியத்தில் தொடவே கூடாது. ஒட்டிய இரும்புத் துகள் அலுமினியத்தில் புதைந்து அரிப்பைத் தூண்டும்.

பதில் – எஞ்சின்மேசை

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் நான்காவது வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. சிலிண்டர் ஹெட்டில் இந்தச் சுழல் டிஸ்க் எதையும் பயன்படுத்தாதீர்கள் என்பதே என் கருத்து. நாரிழை டிஸ்க்கில் பொதுவாக உள்ள துகள் அலுமினியம் ஆக்சைடு. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அது 9. எண்ணெய் வழியிலோ சிலிண்டருக்குள்ளோ விழுந்தால், துணியால் துடைத்தாலும் அது முழுதாக வெளியேறுவதில்லை. பிறகு 0.05 மி.மீ. போன்ற எண்ணெய் இடைவெளியுள்ள பேரிங்கில் புதைந்து, கிராங்க் தண்டை உள்ளிருந்தே அரத்தால் ராவுவது போலத் தேய்க்கும். கேஸ்கெட் பரப்புகளில் இவ்வகை டிஸ்க்கைத் தவிர்க்குமாறு ஜெனரல் மோட்டார்ஸ் தன் சேவைக் குறிப்பிலேயே எச்சரித்துள்ளது.

துகள் ஒருபுறம் இருக்க, பரப்பின் சமதளமும் கெடும். கேஸ்கெட் ஒட்டியிருக்கும் இடத்தில் டிஸ்க்கைச் சற்று அதிக நேரம் நிறுத்தினால், அலுமினியம் கண்ணுக்குத் தெரியாத குழியாகிவிடும். கேஸ்கெட் கரைப்பானைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். இரண்டு மணி நேர வேலைதான், எரிச்சலூட்டும் வேலையும்கூட.

பழையவண்டி

மிகவும் நன்றி. கட்டிங் வீலைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பஞ்சு டிஸ்க் வேண்டாம் என்றால், பிளாஸ்டிக் முட்கள் கொண்ட வெள்ளை நிற டிஸ்க்கை ஹெட்டில் பயன்படுத்தலாமா? அலுமினியத்திற்கென்றே விற்கப்படுகிறதே?

எஞ்சின்மேசை

அந்த வெள்ளை வகை 120 எண் மென்மையுடையது. உலோகத்தை அதிகம் அரிக்காது என்பது உண்மை. ஆனாலும் அந்த முட்களுக்குள் இருப்பதும் உராய்வுத் துகளே, தேயத் தேய அது உதிர்ந்துகொண்டிருக்கும். வண்டியிலிருந்து கழற்றி, பிறகு முழுவதும் கழுவி ஊதப்போகும் உதிரிப் பாகம் என்றால் சிலர் பயன்படுத்துகிறார்கள். சிலிண்டர் பிளாக் திறந்த நிலையில் வண்டியிலேயே இருந்தால் நான் செய்ய மாட்டேன்.

பதில் – தகட்டுவேலை

போல்ட்டைப் பற்றி ஒன்று விடுபட்டுவிட்டது. சைலன்சர் பெட்ரோல் குழாய்க்கு அருகில் செல்லும் வண்டி என்றால் தீப்பொறி பறக்கும் திசையைப் பார்த்து, நனைத்த கனத்த துணியால் குழாயை மறைத்து, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கிரைண்டரை எடுக்கவே வேண்டாம், கைரம்பத்தால் அறுங்கள். முகக் கவசத்துக்குள் காற்றுப்புகாக் கண்ணாடியும் அவசியம். காதடைப்பானையும் மறக்க வேண்டாம். தளர்ந்த பருத்திக் கையுறை சுழலும் தண்டில் சுற்றிக்கொள்ளும், ஆகையால் கையோடு ஒட்டிய கையுறையே வேண்டும். தரைத் தகட்டில் வேலை செய்யும்போது உள்ளே உள்ள கம்பளத்தைக் கழற்றிவிடுங்கள். தகட்டின் மறுபக்கம் சூடேறிக் கம்பளம் புகையத் தொடங்குவது, நீங்கள் கருவியை வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்தும் நடக்கலாம்.