குதிரைப்படை பெர்கஷன் பிஸ்டல்: விக்கிறவர் சொல்ற கதையை நம்பி வாங்கலாமா?

பித்தளைப்பூண்:

வணக்கம் மக்களே. நான் பர்மிங்ஹாம் பக்கம் இருக்கேன், பழைய ராணுவ பட்டன், பெல்ட் பக்கிள், ஒண்ணு ரெண்டு வாள்னு சில்லறையா சேக்கிற ஆளு, துப்பாக்கி பக்கம் இதுவரைக்கும் போனதில்ல. போன வாரம் ஒரு ஆன்டிக் ஃபேர்ல ஒரு குதிரைப்படை பிஸ்டல் பாத்தேன், அதுல இருந்து மனசு அதுலயே நிக்குது. கேப் (சின்ன வெடி மூடி) வச்சு அடிக்கிற பெர்கஷன் டைப். பேரல் 9 இஞ்ச், உள்ள வழவழன்னு இருக்கு, ரைஃப்ளிங் (குழலுக்குள்ள வெட்டுற சுருள் வரி) இல்ல. ராம்ராட் (வெடிமருந்தையும் குண்டையும் உள்ள தள்ளுற கம்பி) தனியா கழண்டு வரல, பேரல் முனையில கீல் போட்டு மாட்டியிருக்கு, வெளிய இழுத்து திருப்பினா நேரா குழலுக்குள்ள போகுது. ட்ரிகர் கார்டு, பிடியோட அடிமூடி எல்லாம் பித்தளை, அடியில ஒரு இரும்பு வளையம். லாக் பிளேட்ல (சுடுற விசை மாட்டியிருக்கிற பக்கத்து தகடு) பின்னங்கால்ல நிக்கிற சிங்கம் ஒண்ணு, முன்னங்கால்ல என்னமோ பிடிச்சிருக்கு, தேஞ்சு போனதால சரியா தெரியல.

விக்கிறவர் இது 1854ல கிரிமியா போர்ல, பாலக்லாவா லைட் பிரிகேட் சார்ஜ்ல போன 17வது லான்ஸர்ஸ்ங்கிற ஈட்டிக் குதிரைப்படையோடதுன்னு அடிச்சு சொல்றார். 750 பவுண்டு. பேப்பர் எதுவும் கிடையாது. வாங்கலாமா? லைசென்ஸ் வேணுமா? அப்பறம் ஊருக்கு எடுத்துட்டு போய் வீட்டு ஹால்ல மாட்டணும்னு ஒரு ஆசை, அது முடியுமா?

கருமருந்து:

அந்த சிங்கத்துலயே பாதி பதில் இருக்கு பாஸ். அது பிடிச்சிருக்கிறது கிரீடம், கிழக்கிந்திய கம்பெனி முத்திரை அது. 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல இருந்து கம்பெனி ஆயுதங்கள்ல இந்த சிங்கம்தான், அதுக்கு முன்னாடி இதய வடிவத்துக்குள்ள எழுத்து போட்டிருப்பாங்க. ராணியோட படைக்கு போனதுன்னா லாக்ல கிரீடமும் அதுக்கு கீழ வி.ஆர்.னும் (விக்டோரியா ராணியோட எழுத்து) இருக்கும், டவர்னு எழுத்தும் வருஷமும் கூட பாக்கலாம். 17வது லான்ஸர்ஸ் ராணி படை, அவங்களுக்கு ஆயுதம் கொடுத்தது போர்டு ஆஃப் ஆர்ட்னன்ஸ்ங்கிற அரசாங்க ஆயுதத் துறை, அப்படி இருக்க கம்பெனி பிஸ்டல் அவங்க சேணத்துக்கு எப்படி வந்துச்சுன்னு விக்கிறவர்தான் சொல்லணும்.

ஆனா அந்தாளு முழுசா புளுகுறார்னும் சொல்ல மாட்டேன். 1838 வாக்குல பிரிட்டிஷ் குதிரைப்படையில பெரும்பாலானவங்க கிட்ட இருந்து பிஸ்டலை வாங்கிட்டாங்க, கார்பைன் (குட்டையான நீளத் துப்பாக்கி) இருந்தா போதும்னு. ஈட்டிக்காரங்களுக்கு மட்டும் விட்டு வச்சாங்க, ஏன்னா ஈட்டியையும் பிடிச்சுக்கிட்டு கார்பைனையும் தூக்க முடியாது. அவங்களுக்குன்னு ஜார்ஜ் லவல் டிசைன் பண்ணின 1842 மாடலும் 9 இஞ்ச் பேரல், கீல் ராம்ராட்தான், தூரத்துல இருந்து பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி.

வித்தியாசம் குழல் வாயில இருக்கு. லான்ஸர் பிஸ்டல் மஸ்கெட் அளவு, 0.75 இஞ்ச், அதாவது 19 மி.மீ. கம்பெனி பிஸ்டல் கார்பைன் அளவு, 0.65 சொச்சம், பதினாறரை மி.மீ. பக்கம். 1856 மாடல் வேற ஜாதி, 10 இஞ்ச் பேரல், 0.577, உள்ள ரைஃப்ளிங் ஓடும். விட்டம் அளக்கிற காலிபர் கருவி ஒண்ணை பாக்கெட்ல போட்டுட்டு போய் அளந்துருங்க, ரெண்டு நிமிஷ வேலை.

அந்த ராம்ராட் கீலையும் நிதானமா பாருங்க, இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச பாகம் அதுதான். குதிரை மேல உக்காந்து லோடு பண்றவன் கம்பியை கீழ போட்டா சோலி முடிஞ்சுது, அதுக்காகத்தான் கழட்டவே முடியாத மாதிரி செஞ்சாங்க. ஹேமர் மூக்கும் குழியா இருக்கும், நிப்பிள் (கேப் மாட்டுற குட்டிக் குழாய்) மேல உக்காந்திருக்கிற செப்பு கேப் உடைஞ்சு சிதறினா சுடுறவன் கண்ணுக்கு போகாம அந்த குழி பிடிச்சுக்கும். ஃபோர்ஸைத்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார் 1807ல பேட்டன்ட் எடுத்த ஐடியாவுல இருந்து வளந்ததுதான் இதெல்லாம். அடிச்சா வெடிக்கிற ஃபல்மினேட் வந்த பிறகு பழைய சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி மாதிரி தட்டுல வெடிமருந்து கொட்டி காத்துக்கும் மழைக்கும் பயப்படுற வேலை போச்சு. என்ன, ஓடுற குதிரையில கையுறை போட்ட விரலால அத்துணூண்டு கேப்பை எடுத்து வைக்கிறது தனி அவஸ்தை.

தேம்ஸ்கரை:

தம்பி, சட்டத்தைப் பற்றி நான் சொல்லுறன். நீங்கள் இங்க இங்கிலாந்தில வச்சிருக்கிறதுக்கு 1968 ஃபயர்ஆர்ம்ஸ் ஆக்ட் 58(2) பிரிவு போதும், அன்டிக் சாமானை அழகுக்கோ சேகரிப்புக்கோ வச்சிருந்தா சர்டிபிகேட் தேவையில்லை. 2021 மார்ச்சில வந்த புது ரெகுலேஷனை கேட்டு கனபேர் பயந்தவை, அது கூடுதலா காட்ரிட்ஜ் போடுற ஆயுதங்களுக்குத்தான் இடிச்சது, வாய் வழியா மருந்து போடுற இதுகளுக்குப் பிரச்சினை இல்லை. ஆனா ஒருக்காவாவது சுட்டுப் பாக்கலாம் எண்டு நினைச்சீங்களோ, அந்த நிமிஷமே அது அழகுச் சாமான் இல்லை, சர்டிபிகேட் இல்லாம மாட்டுப்படுவீங்கள்.

ஊருக்குக் கொண்டு போற கதையை விட்டுடுங்கோ. இந்திய ஆர்ம்ஸ் ஆக்ட் 1959, 45ஆம் பிரிவில பழைய ஆயுதத்துக்கு விலக்கு இருக்குத்தான், ஆனா ரிப்பேர் பண்ணினாலும் சுட ஏலாததா இருக்கவேணும். உங்கட பிஸ்டலில ஸ்பிரிங் டக்கெண்டு அடிக்குதெண்டா அந்த விலக்குக்குள்ள வராது. எயார்போர்ட்டில நிண்டு கஸ்டம்ஸ்காரனுக்கு விக்டோரியா ராணி கதை சொல்லப் போறீங்களே? உந்தத் தலையிடி தேவையில்லை.

சும்மாபாக்கறவன்:

ப்ரோ டூப்ளிகேட்டான்னு முதல்ல பாருங்க. இந்தியாவுல அலங்காரத்துக்குன்னு செஞ்சு விக்கிற பிஸ்டல்கள் எக்கச்சக்கம், கைபர் பக்கம் செஞ்சு பட்டாளத்துக்காரங்க தலையில கட்டினது வேற. கிரீடம் கோணலா இருக்கும், எழுத்து கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பியிருக்கும், பேரல்ல ப்ரூஃப் முத்திரையே (குழலை சோதிச்சு பாத்ததுக்கு அடிக்கிற முத்திரை) இருக்காது. மரத்துக்கும் லாக் பிளேட்டுக்கும் நடுவுல பிளேடு நுழையிற அளவு சந்து இருந்தாலும் சந்தேகப்படணும், ஒரிஜினல்ல கச்சிதமா உக்காந்திருக்கும்.

கருமருந்து சாருக்கு ஒரு கேள்வி, கம்பெனி பிஸ்டல்னா நம்ம மதராஸ் குதிரைப்படைக்கு போயிருக்க சான்ஸ் இருக்கா?

கருமருந்து:

சான்ஸ் இருக்கு, ஆனா சிங்கத்தை வச்சு சொல்ல முடியாது. வங்காளம், பம்பாய், மதராஸ் மூணு படைக்கும் அதே சிங்கம்தான். மதராஸ் லைட் கேவல்ரியில எட்டு ரெஜிமென்ட் இருந்துச்சு, அதுல எட்டாவது 1857ல வங்காளத்துக்கு கப்பலேற மாட்டோம்னு நின்னு ஆயுதத்தையும் குதிரையையும் பறிகொடுத்து கலைக்கப்பட்டது. பித்தளை மூடியில ரெஜிமென்ட் எழுத்து வெட்டியிருந்தா மட்டும்தான் பேச்சு. வெறும் நம்பர்னா அது ஆயுத ரேக் நம்பராத்தான் இருக்கும், அதை வச்சு கதை கட்டாதீங்க.

பித்தளைப்பூண், வாங்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. உள்ள மருந்து இருக்கான்னு பாக்கணும், இதை சாதாரணமா எடுத்துக்காதீங்க, கருமருந்து காஞ்ச நிலையில 150 வருஷம் கழிச்சும் வெடிக்கும். ஒரு மரக்குச்சியை அடி வரைக்கும் விட்டு வாயில கோடு போடுங்க, அதே குச்சியை பேரல் வெளிப்பக்கமா வச்சு பாருங்க. குச்சி நிப்பிள் இருக்கிற இடம் வரைக்கும் வரணும். ஒரு இஞ்ச் முன்னாடியே நின்னுட்டா உள்ள என்னமோ அடைச்சிருக்கு, கையை எடுத்துருங்க.

பித்தளைப்பூண்:

எல்லாருக்கும் நன்றி. நேத்து விக்கிறவரோட கடைக்கே போய் அளந்தேன், 16.6 மி.மீ. குச்சி நிப்பிள் வரைக்கும் போச்சு. பேரல்ல முத்திரை ரெண்டு தெளிவா இருக்கு, லாக் மரத்துல நல்லா உக்காந்திருக்கு, மூடியில 43னு நம்பர் மட்டும். சிங்கத்தை காட்டி கம்பெனி விஷயத்தை சொன்னேன், மனுஷன் கொஞ்சம் கூட அசராம "அப்போ இது சிப்பாய் கலகத்துல இருந்ததா இருக்கும்"னு அடுத்த கதைக்கு போயிட்டார். கதைக்கு காசு கிடையாதுன்னு சொல்லி 520க்கு முடிச்சிருக்கேன், சனிக்கிழமை எடுக்கறேன். ஊர் ஹால் பிளானை விட்டுட்டேன், இங்கயே மாட்டிக்கறேன். பித்தளை கறுத்து போயிருக்கு, பிராஸ்ஸோ பாலிஷ் போட்டு தேய்க்கலாமா?

கருமருந்து:

ஐயோ வேண்டாம்! அந்த கறுப்பு படியறதுக்கு நூறு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு, அதை வழிச்சு எடுத்தா விக்கிறப்போ நல்ல சேகரிப்பாளர் எவனும் தொட மாட்டான். இரும்புல சிவப்பா துரு இருந்தா மட்டும் எண்ணெயில நனைச்ச துணியால லேசா தேய்ங்க, உப்புத்தாள் கூடவே கூடாது. அப்பறம் ரினைசன்ஸ் வேக்ஸ் மெல்லிசா ஒரு கோட், மியூசியத்துலயும் அதைத்தான் போடுறாங்க. வெறும் நிப்பிள் மேல ஹேமரை சும்மா சும்மா அடிச்சு விளையாடாதீங்க, நிப்பிள் நசுங்கிடும், ஹேமர் உடைஞ்சாலும் அதே மாதிரி கிடைக்காது. அந்த ப்ரூஃப் முத்திரை ரெண்டையும் கிட்டத்துல போட்டோ எடுத்து போடுங்க, லண்டனா பர்மிங்ஹாமான்னு பாத்துருவோம்.