மூச்சுத் தசைப் பயிற்சி செய்தால் அம்மா விழுவது நிற்குமா?

குலசேகரம்_மகள் எழுதியது:

அம்மாவுக்கு 68 வயது. பீடி, சிகரெட் தொட்டதில்லை. அண்டி ஆபீசில் (முந்திரிப் பருப்பு ஆலை) 22 வருஷம் வேலை பார்த்தாள், அதில் முக்கால்வாசி வறுக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில். வீட்டுக்கு வந்தால் அடுக்களையில் ரப்பர் விறகு. மழைக்காலத்தில் அது எரியாது, புகைய மட்டும் செய்யும். ஊதி ஊதித்தான் எங்களுக்குச் சோறு வடித்தாள். நான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு சி.ஓ.பி.டி. என்றார்கள், மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்குகிற நாள்பட்ட நுரையீரல் நோய். "அடுப்பு ஊதினவளுக்கு இத ஊதத் தெரியாதாக்கும்" என்று அன்றைக்குச் சிரித்தாள்.

இப்போது சிரிப்பு இல்லை. ஆனி, ஆடி இரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை விழுந்துவிட்டாள். முதல் தடவை, மழை வருகிறது என்று மாடிப்படி வேகமாக ஏறிப்போய், கொடியிலிருந்து துணியை இரண்டு கையாலும் உருவும்போது அப்படியே பின்னால் சாய்ந்தாள். அடுத்தது கிணற்றடியில், வாளியோடு திரும்பும்போது. பாசிதான் காரணம் என்று நான் கிணற்றடியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். ஆனால் மாடியில் பாசி கிடையாதே. யோசித்துப் பார்த்தால் இரண்டு தடவையும் அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

காட்டிய இடத்தில் "வயசாச்சுல்லா" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். மூச்சுத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் தடுமாற்றம் குறையும் என்று ஒரு சொந்தக்காரர் சொன்னார். அத்தானுக்கு ஆபரேஷன் செய்தபோது கொடுத்த மூன்று பந்து கருவி வீட்டில் கிடக்கிறது. அது போதுமா, வேறு வாங்கணுமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய_கண்டக்டர் எழுதியது:

மக்ளே, எனக்கு 71 வயது. இதே நோய்தான், ஒன்பது வருஷமாக. உன் அம்மா போல இல்லை, எனக்கு நானே பீடியில் வாங்கிக்கொண்டது. மார்த்தாண்டம் பேச்சிப்பாறை வண்டியில் அத்தனை வளைவிலும் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவன் நான். போன வருஷம் பேன்ட் போட ஒரு காலைத் தூக்கினால் சுவர் வேண்டும் என்றாகிவிட்டது.

எனக்கு வாங்கித் தந்தது ஸ்பிரிங் வைத்த கருவி. இளநீர் குடிக்கும்போது வழுக்கை வந்து குழலை அடைத்துக்கொண்டால் எப்படி இழுப்போம், அந்த மாதிரி இழுக்கணும். போதுமான அளவு இழுத்தால்தான் வால்வு திறக்கும். முதல் வாரம் தலை சுற்றியது. வேகமாக இழுத்திருக்கிறேன், தப்பு என்னுடையது. காலை 30 இழுப்பு, மாலை 30. இரண்டு மாதத்தில் படி ஏறிக்கொண்டே வாய் பேச முடிந்தது. கால் மட்டும் அப்படியே இருந்தது. அப்புறம் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்க ஆரம்பித்தேன். முதல் நாள் மூன்று நொடி. இப்போது பத்து. அதற்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது.

மூன்று பந்து கருவி எங்கள் வீட்டிலும் உண்டு. பேரப்பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள்.

வேர்க்கிளம்பி_பையன் எழுதியது:

பலூன் ஊதச் சொல்லுங்க அக்கா. செலவே இல்லை.

நாகர்கோவில்_பிசியோ எழுதியது:

பலூன் வேண்டாம் தம்பி. அது மூச்சை வெளியே தள்ளும் வேலை. இங்கே பலவீனமாவது உள்ளே இழுக்கும் தசை, முக்கியமாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானம். இந்த நோயில் காற்று உள்ளேயே தங்கி நுரையீரல் உப்பிப்போவதால் உதரவிதானம் தட்டையாகி, இழுக்கத் தோதில்லாமல் ஆகிவிடுகிறது.

சகோதரி, இரண்டு தடவையும் மூச்சு வாங்கியதைக் கவனித்தீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. உதரவிதானம் மூச்சுக்கு மட்டுமல்ல, நிற்பதற்கும் உழைக்கிறது. கையைச் சட்டென்று தூக்கினால், கை அசைவதற்கு முன்பே அது இறுகி வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டி முதுகைத் தாங்கிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸ் குழுவினர் 1997இல் இதை அளந்து காட்டினார்கள். மூச்சுத் தேவை அதிகமாகும்போது இந்தத் தாங்குகிற வேலை குறைந்துவிடுகிறது என்று 2001இல் காட்டினார்கள். உங்கள் அம்மா படியேறி இளைப்போடு போய் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார். முதுகைத் தாங்க வேண்டிய நேரத்தில் அந்தத் தசை மூச்சுக்கே போதாமல் திணறியிருக்கும். வயசு மட்டும் காரணம் என்று விட்டுவிடக்கூடாது.

அதற்காகக் கருவி வாங்கினால் விழமாட்டார் என்று நான் சொல்லமாட்டேன். பயிற்சியால் இழுக்கும் பலம் கூடும், அதில் சந்தேகமில்லை. சமநிலைக்கு உதவுகிறது என்பதற்கு இருப்பவை சின்ன ஆய்வுகள். 2018இல் 219 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், வழக்கமான நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியோடு இதையும் சேர்த்தபோது பலம் கூடியது, ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் கூடவில்லை. கனடாவில் 2013இல் வந்த ஆய்வில் வாரம் மூன்று நாள், ஆறு வாரம், நிற்கவும் திரும்பவும் நேரடியாகப் பழக்கினார்கள். சமநிலை நன்றாகக் கூடியது. கண்டக்டர் அண்ணாச்சி ஜன்னல் கம்பியில் கண்டுபிடித்ததும் அதுதான். எனவே முதலில் நிற்கும் பயிற்சி, கூடவே மூச்சுப் பயிற்சி.

மூன்று பந்து கருவியில் எதிர்ப்பு மிகக் குறைவு. ஆபரேஷனுக்குப் பிறகு ஆழமாக மூச்செடுக்கப் பழக்குவதற்கு அது. ஸ்பிரிங் வால்வு கருவிதான் தசைக்குச் சுமை. அம்மாவால் அதிகபட்சம் எவ்வளவு அழுத்தத்தில் இழுக்க முடிகிறது என்று முதலில் அளக்க வேண்டும். அதில் சுமார் 30 சதவீதத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றுவோம். நீங்களாக ஸ்பிரிங்கைத் திருகாதீர்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்த வரலாறு, எக்ஸ்ரேயில் பெரிய காற்றுப்பைகள், சமீபத்தில் செவிப்பறை கிழிந்தது இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது? பக்கத்திலேயே நில்லுங்கள். 12 நொடியைத் தாண்டினால் விழும் அபாயம் இருக்கிறது என்று கொள்ளலாம். மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். இளைப்பு கூடும்போதெல்லாம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் தொடைத் தசையும் எலும்பும் தளர்ந்திருக்கலாம். பிரஷர் மாத்திரை போடுகிறாரா? எழுந்தவுடன் கண் இருட்டுகிறதா?

குலசேகரம்_மகள் எழுதியது:

பிசியோ சார், நேற்று சாயங்காலம் பார்த்தோம். 17 நொடி. நேராக நடப்பதில் குறை தெரியவில்லை, திரும்பும் இடத்தில்தான் நின்று நின்று நாலைந்து அடி எடுத்து வைக்கிறாள். கிணற்றடியிலும் திரும்பும்போதுதான் விழுந்தாள்.

ஸ்டீராய்டு போன வருஷம் மட்டும் மூன்று தடவை எழுதியிருக்கிறார்கள். பிரஷர் மாத்திரை இல்லை. எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இழுக்கும் பலத்தை அங்கே அளப்பார்களா என்று கேட்கிறேன், இல்லையென்றால் உங்களிடம் வருகிறோம். மாடிக் கொடியை அவிழ்த்து முற்றத்தில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டியாயிற்று.

கண்டக்டர் மாமா, உங்கள் பத்து நொடியை அம்மாவிடம் சொன்னேன். அடுக்களை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு நொடி. "அவரு மொத நாளு மூணுதானே நின்னாரு?" என்று கேட்கிறாள்.