கிளெய்ம் வாங்கவே இல்லை, என்சிபி (கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) மட்டும் போய்விட்டதாம்!

மஞ்சக்குப்பம் ஸ்விஃப்ட்:
என் 2019 ஸ்விஃப்ட் காரின் இன்சூரன்ஸ் பாலிசி ஆகஸ்டில் முடிந்தது. பழைய கம்பெனி பிரீமியத்தை ஏற்றிக் கேட்டதால் ஏஜென்ட் மூலம் வேறு கம்பெனிக்கு மாறினேன். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டிச் சேர்த்த 50 சதவீத என்சிபியோடுதான் புதுப் பாலிசி வந்தது. இப்போது புதுக் கம்பெனி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. பழைய கம்பெனிக் கணக்கில் என் பெயரில் கிளெய்ம் நிலுவையில் இருக்கிறதாம், அதனால் என்சிபி பூஜ்யமாம். 15 நாளில் 4,956 ரூபாய் கட்ட வேண்டுமாம். ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியம் 8,400, அதில் பாதி 4,200, மேலே ஜிஎஸ்டி 18 சதவீதம். கணக்கு மட்டும் சரியாகத்தான் இருக்கிறது.

ஃபெஞ்சல் புயல் கரை கடந்த இரவு, 2024 நவம்பர் 30, வண்டி புதுச்சேரி ரெயின்போ நகரில் மச்சான் வீட்டு வாசலில் நின்றது. சும்மா மழைக்கே தண்ணீர் தேங்கும் இடம். அன்று கதவு இடுக்கில் புகுந்து சீட்டுக்கு நாலு விரல் கீழே வரை நின்றது. விடிந்ததும் மச்சான் 'ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன்' என்று சாவியோடு இறங்கினார். போனிலேயே கத்தி நிறுத்தினேன். அதனால்தான் இன்ஜின் பிழைத்தது. டோ பண்ணி வொர்க்ஷாப்பில் விட்டு கிளெய்ம் பதிந்தோம், சேதத்தை மதிப்பிடும் சர்வேயரும் வந்து படம் எடுத்துப் போனார். சீட்டைக் கழற்றி, கார்பெட்டைப் பிரித்து, காயவைத்து எல்லாம் சேர்த்து பில் 6,500தான். நாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1,000 போக அதிகபட்சம் 5,500 வரும். இதற்காக 50 சதவீதத்தை விடுவானேன்? கைக்காசைக் கட்டிவிட்டு, கிளெய்ம் வேண்டாம் என்று மெயில் போட்டேன். அந்த மெயில் இன்னும் இருக்கிறது. பதில்தான் வரவில்லை.

ஏஜென்டைக் கேட்டால் 'சின்ன அமவுண்ட் சார், கட்டிடுங்க' என்கிறார். அவர் பாக்கெட்டில் இருந்தா போகிறது?

வில்லியனூர் டீசல்:
சர்வேயர் வந்துவிட்டாலே கிளெய்ம் என்றுதான் அர்த்தம் பாஸ். கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

லாஸ்பேட்டை பெரியவர்:
வில்லியனூர் தம்பி சொல்வது சரியில்லை. நான் இன்சூரன்ஸ் கம்பெனி மோட்டார் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2002 மோட்டார் டாரிஃபின் (வண்டி இன்சூரன்ஸுக்கான பொது விதித் தொகுப்பு) 27ஆம் விதிப்படி, முந்தைய வருடத்தில் கிளெய்ம் வாங்கியிருக்கவும் கூடாது, நிலுவையில் இருக்கவும் கூடாது. வாபஸ் வாங்கி, பைசா கொடுக்காமல் மூடிய ஃபைல் என்சிபியைத் தொடாது. உங்கள் ஃபைலை யாரும் மூடவில்லை, அங்கேதான் சிக்கல். புயல் சமயத்தில் மேசை நிறைய ஃபைல் குவிந்திருக்கும், உங்கள் மெயிலை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

கம்பெனி மாறினால் புதியவர் பழையவருக்கு 21 நாளுக்குள் எழுதிக் கேட்க வேண்டும், பழையவர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலில்தான் 'நிலுவை' என்று போயிருக்கிறது. எனவே புதுக் கம்பெனியோடு மல்லுக்கட்டிப் பிரயோசனமில்லை. பழைய கம்பெனியின் குறைதீர் பிரிவுக்குக் கிளெய்ம் எண், அன்றைய மெயில், நீங்கள் கட்டிய வொர்க்ஷாப் பில் மூன்றையும் அனுப்புங்கள். இரண்டு கடிதம் கேளுங்கள்: பணம் தராமல் கிளெய்ம் முடிக்கப்பட்டது என்று ஒன்று, திருத்திய என்சிபி உறுதிக் கடிதம் ஒன்று. இந்த விவரத்தைப் புதுக் கம்பெனிக்கும் தெரிவித்து அவகாசம் கேளுங்கள்.

கடிதத்தைக் கிடப்பில் மட்டும் போடாதீர்கள். இடையில் வண்டி எங்காவது மோதினால், என்சிபியைத் தவறாகச் சொன்னீர்கள் என்று ஓன் டேமேஜ் பணத்தில் கைவைப்பார்கள். கெடு முடிகிற மாதிரி இருந்தால் 'ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்' என்று எழுதிக் கட்டிவிட்டு, பிறகு திரும்பக் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்சூரன்ஸ் புகார்களுக்கான பீமா பரோசா இணையதளம், அப்புறம் புகாரை விசாரித்துத் தீர்க்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றுக்கும் அந்த அலுவலகம்தான். கட்டணம் கிடையாது.

நெல்லிக்குப்பம் ரோடு:
ஐயா, குறுக்கே ஒரு சந்தேகம். நான் என் பழைய வண்டியை விற்கப் போகிறேன். வாங்குகிறவர் 'என்சிபியோடு சேர்த்துத் தருகிறீர்களா' என்கிறார். தரலாமா?

லாஸ்பேட்டை பெரியவர்:
முடியாது. என்சிபி வண்டிக்கு இல்லை, உங்களுக்கு. விற்றதும் உங்கள் கம்பெனியில் என்சிபி சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குள் வேறு வண்டி வாங்கினால் அதில் சேர்க்கலாம். ஓட்டுகிற வண்டியை மட்டும் 90 நாளுக்கு மேல் ரினிவல் பண்ணாமல் விட்டீர்களோ, எல்லாம் போச்சு.

வில்லியனூர் டீசல்:
சரி பெரியவரே, வாபஸ் வாங்குகிறேன். (ஃபைலையும் மூடிவிடுங்கள்.)

மஞ்சக்குப்பம் ஸ்விஃப்ட்:
ஐயா, ரொம்ப நன்றி. மூன்றையும் அனுப்பினேன். பழைய கம்பெனி முதலில் 'சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது' என்றார்கள். குறைதீர் பிரிவிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, சர்வேயர் ரிப்போர்ட் வந்தும் ஃபைல் திறந்தே கிடந்ததாகச் சொன்னார். இரண்டு கடிதமும் வந்துவிட்டன. புதுக் கம்பெனியும் பணம் கட்ட வேண்டாம் என்று மெயில் அனுப்பிவிட்டது. ஏஜென்ட் 'நான்தான் சார் பேசி முடித்தேன்' என்கிறார்!

லாஸ்பேட்டை பெரியவர்:
மெயிலோடு விடாதீர்கள். பாலிசியில் 50 சதவீதம் அப்படியே இருக்கிறதா, இல்லை இடையில் பூஜ்யமாக மாற்றி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்த மாற்றத்துக்கான தாள்) போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். மாற்றியிருந்தால் திருத்திய எண்டார்ஸ்மென்ட் எழுத்தில் வாங்குங்கள். அடுத்த ரினிவலுக்கு அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.