ஆச்சி ஏன் தட்டை எடுக்க விடவில்லை

திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் யாருக்கு வயிறு உப்பினாலும் ஆச்சி ஓமத் தண்ணீர் போடுவார். ஓமத்தை அம்மியில் ஒரு இழுப்பு இழுத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, உடனே அடுப்பை அணைத்துத் தட்டால் மூடிவிடுவார். திறந்து பார்க்கப் போனால், "ஏட்டி, தட்டை எடுக்காத, காரம் போயிரும்" என்று சத்தம் வரும். ஆறிய பிறகு தட்டின் அடியில் முத்து முத்தாக நிற்கிற நீரையும் பாத்திரத்துக்குள்ளேயே வழித்து விடுவார்.

முதுகலை வேதியியல் படித்தபோது ஆய்வுக்கு ஓமத்தையே எடுத்துக்கொண்டேன். 100 கிராம் ஓமத்தை ஒன்றிரண்டாகப் பொடித்து, ஆவியில் ஏறும் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் கிளெவஞ்சர் கருவியில் தண்ணீரோடு கொதிக்க விட்டேன். ஆவியோடு எண்ணெய் ஏறி, குளிர்ந்து, நீரின் மேல் மெல்லிய மஞ்சளாக மிதந்தது. கிடைத்தது 3 மில்லிதான். ஆனால் ஆய்வுக்கூடம் முழுக்க ஆச்சியின் அடுப்படி வாசனை. தட்டின் அடியில் நின்ற முத்துகள் என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

ஓமத்தை விதை என்கிறோம், உண்மையில் அது காய்ந்த கனி. அதன் தோலில் ஓடும் நுண்குழல்களில் எண்ணெய் இருக்கிறது. நசுக்கினால்தான் வெளியே வரும், திறந்து கொதிக்க விட்டால் ஆவியோடு போய்விடும். அம்மி, தட்டு இரண்டுக்கும் காரணம் இதுதான்.

எண்ணெயைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால், குப்பியின் அடியில் கண்ணாடித் துண்டு போலப் படிகங்கள்! ஓமத்தின் வாசனைக்குக் காரணமான தைமால். ஓம எண்ணெயில் பொதுவாக 35 முதல் 60 விழுக்காடு வரை அதுதான். மிச்சத்தில் பெரும்பங்கு பாரா சைமீன், காமா டெர்பினீன் என்ற வேறு இரண்டு பொருள்கள். இந்தக் காமா டெர்பினீனிலிருந்துதான் செடி தைமாலைச் செய்கிறது. அன்று இரவே ஆச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஓம உப்பா? நாட்டு மருந்துக் கடையில கேட்டாத் தருவானே" என்றார்.

அப்புறம் கிருமிச் சோதனை. மூன்று வகை பாக்டீரியாவைத் தனித்தனித் தட்டுகளில் வளர்த்தேன். எண்ணெயில் நனைத்த சிறு தாள் வட்டத்தைச் சுற்றி, ஸ்டெஃபைலோகாக்கஸ் வளராத தெளிவான வளையம் அகலமாக விழுந்தது. ஈ.கோலை தட்டில் வளையம் சிறியது. சூடோமோனாஸ் கிட்டத்தட்ட அசையவே இல்லை. தைமால் கிருமியின் மேல்சவ்வைக் குலைக்கிறது. சூடோமோனாஸ் மாதிரிக் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு உறை இருப்பதால் அவ்வளவு எளிதில் உள்ளே போக முடிவதில்லை. வாய் கொப்பளிக்கும் லிஸ்டரினில் தைமால் இருப்பதும் இந்தக் குணத்துக்காகத்தான். ஆனாலும் தட்டில் விழுந்த வளையத்தைக் காட்டி, ஓமத் தண்ணீர் வயிற்றுக் கிருமியை ஒழிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நான் வைத்தது சுத்த எண்ணெய். ஆச்சியின் தம்ளரில் இருப்பது அதன் சாயல்.

ஒருவர் என்னிடம் ஓமவல்லி, அதாவது கற்பூரவல்லி, ஓமத்துக்குச் சொந்தமா என்று கேட்டிருந்தார். இல்லை. ஓமம் கொத்தமல்லிக் குடும்பம், ஓமவல்லி துளசிக் குடும்பம். ஆனால் அந்த இலையில் கார்வக்ரால் நிறைய இருக்கும், தைமாலும் உண்டு. கார்வக்ரால், தைமால் இரண்டிலும் அணுக்கள் ஒன்றே, அதில் ஒரு சிறு அணுக்கூட்டம் ஒட்டியிருக்கிற இடம் மட்டும் வேறு. மூக்கை வைத்தே பெயர் வைத்த நம் ஆட்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனமாகப் படியுங்கள். ஓம உப்பு (அதாவது தைமால்), புதினா உப்பு (மெந்தால்), கற்பூரம் மூன்றையும் ஒரு குப்பியில் போட்டால் நெருப்பில்லாமலேயே உருகித் தைலமாகிவிடும். கலக்கும்போது உருகுநிலை அறை வெப்பத்துக்கும் கீழே இறங்கிவிடுவதுதான் காரணம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அதை அப்படியே ஒரு வயதுக் குழந்தையின் நெஞ்சில் தடவி, தோல் சிவந்து கொப்பளித்துவிட்டது. கற்பூரம் உள்ளே போனால் குழந்தைக்கு வலிப்பே வரலாம். அந்தக் குப்பியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், குழந்தையின் உடம்பில் தடவவே வேண்டாம்.