ஹார்ன்பில் திருவிழா: கோஹிமா பக்கம் தரைத்தளத்தில் தங்க இடம் தேவை

வணக்கம். நாகா பழங்குடிகளின் ஹார்ன்பில் திருவிழாவைப் பார்க்க, டிசம்பர் 3 முதல் 6 வரை அம்மாவோடு நாகாலாந்து போகிறோம். தங்க இடம்தான் கிடைக்கவில்லை.

அம்மாவுக்கு வயது 67, சென்னிமலையில் ஆயுசெல்லாம் தறி நெய்தவர். முழங்கால் தேய்மானம், சமதளத்தில் நடப்பார், படி ஏற முடியாது. கோஹிமாவோ மலைச்சரிவில் கட்டிய ஊர். விசாரித்த விடுதிகளில் அறை இல்லை, இருந்தாலும் மேல்மாடி, லிஃப்ட் கிடையாது. கோனோமா கிராமத்தில் ஒரு வீட்டில் இடம் தருகிறார்கள். ஆனால் அங்கே தெருவே கல்படிக்கட்டு. திமாப்பூரில் அறை கிடைக்கிறது, ஆனால் 70 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. தினமும் போய்வர அம்மா தாங்கமாட்டார்.

ஈரோட்டிலிருந்து விவேக் எக்ஸ்பிரஸில் திமாப்பூருக்கு டிக்கெட் உறுதியாகிவிட்டது. நாகாலாந்துக்குள் போகத் தேவையான உள்நுழைவு அனுமதியும் வாங்கியாச்சு. விழா நடக்கும் கிசாமா கோஹிமாவிலிருந்து 12 கிலோமீட்டர். ஆட்டம் பாட்டமெல்லாம் அம்மாவுக்கு இரண்டாம்பட்சம். நாகா பெண்கள் தரையில் உட்கார்ந்து, பாவின் (நீளவாக்கு நூல்களின்) ஒரு முனையைச் சுவரில் கட்டி, மறுமுனையை இடுப்பு வாரில் மாட்டி, உடம்பைச் சாய்த்தே இழையை இறுக்கி நெய்வார்களே, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. அதனால் தேதியை மாற்ற மனமில்லை.

கிசாமாவை ஒட்டிய கிக்வேமா, ஜகாமா ஊர்களில், வாசல்வரை கார் போகிற, தரைத்தளத்தில் அறையும் கழிப்பறையும் உள்ள வீடோ விடுதியோ யாருக்காவது தெரியுமா?