அம்மா நடந்து போகிற தூரத்தில் என்ன இருக்கிறது?

வாட்ஸ்அப் குழு: நம்ம வீடு

அண்ணா: மயிலாப்பூரை விட்டுக் குடிபோக, சென்னைக்கு வெளியே தையூரில் பார்த்த வில்லாவின் படங்கள் அனுப்பியிருக்கிறேன், எல்லோரும் பாருங்கள். மூன்று படுக்கையறை, இரண்டு கார் நிறுத்த இடம், உள்ளேயே கிளப் ஹவுஸ். அப்பா அம்மா தரைத்தளத்தில் இருக்கலாம், மாடிப்படித் தொல்லை இல்லை. இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டினால் விலையைக் கொஞ்சம் குறைப்பார்களாம்.

சித்தப்பா: வீடு லட்சணமாக இருக்கிறதுப்பா. நல்ல காற்றோட்டம்.

அண்ணி: மயிலாப்பூரில் ராத்திரி திரும்பி வந்தால் வண்டி நிறுத்த இடம் தேடித் தெருத்தெருவாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. அந்த அவஸ்தையாவது தீரும்.

நான்: அண்ணா, வீடு நன்றாக இருக்கிறது. கேட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது? காய்கறி, மருந்துக் கடை, கோயில்?

அண்ணா: காரில் பத்து நிமிடத்தில் எல்லாம் இருக்கிறது. இல்லையென்றால் ஆப்பில் வரவழைத்துக்கொள்ளலாம்.

நான்: அம்மா இப்போது அமெரிக்காவில், டெக்சாஸின் பிரிஸ்கோவில் என்னோடுதான் இருக்கிறாள். அம்மா, எனக்காகப் பார்க்காதே, உள்ளதைச் சொல்.

அம்மா: இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஒரு கட்டு கொத்தமல்லி வேண்டுமென்றாலும் யாராவது வண்டி எடுக்க வேண்டும் கண்ணா. மாடி ஜன்னலில் நின்றால் கடையின் பெயர்ப்பலகை தெரிகிறது. நடுவில் செங்கல் மதில். அதைச் சுற்றி வெளியே போனால் ஆறு வழிச் சாலை. ஒரு நாள் விளக்கில் நடக்கிற ஆள் உருவம் வந்ததும் இறங்கினேன். வலப்பக்கம் திரும்பின வண்டி ஒன்று என் முட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சிவப்பு விளக்கிலும் வலப்பக்கம் திரும்பலாமாம் இங்கே. அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

சித்தப்பா: அமெரிக்காவில் நடைபாதைகூட இல்லையா?

நான்: நடைபாதை இருக்கிறது சித்தப்பா. போய்ச் சேரத்தான் இடம் இல்லை. வரைபடத்தில் ஒரு பகுதியைக் குடியிருப்பு என்று குறித்துவிட்டால் அங்கே பெட்டிக்கடைகூட வைக்க முடியாது. ஊர்கள் இப்படிப் பிரிப்பது செல்லும் என்று ஒஹாயோவின் யூக்ளிட் கிராமத்து வழக்கில் 1926-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1956-ல் பெரிய நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது, வீடுகள் ஊரைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போயின. கடை கட்டுகிறவர் இத்தனை கார் நிறுத்த இடம் விட்டே ஆகவேண்டும் என்று பெரும்பாலான ஊர்களில் விதி. அதனால் கடையைவிடக் கடைக்கு முன்னால் இருக்கிற தார்த்தரை பெரிது. அதையும் வெயிலில் கடந்துதான் உள்ளே போகவேண்டும். ஆஸ்டினில் 2023-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். டல்லாஸின் டார்ட் ரயில் பக்கத்து பிளேனோ வரைக்கும் வருகிறது, பிரிஸ்கோ அதில் சேரவில்லை. சேரும் ஊர், அங்கே நடக்கும் விற்பனையில் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு சென்ட் வரியை டார்ட்டுக்குத் தரவேண்டும்.

நான்: என் பெண்ணையே பார், அண்ணா. பதினொரு வயது. சிநேகிதி வீட்டுக்குப் போக இரண்டு அம்மாக்கள் நாள் பார்த்து, நேரம் குறித்து, காரில் கொண்டுபோய் விடவேண்டும். 1969-ல் இந்த நாட்டில் 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் 48 சதவீதம் பேர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009-ல் அது 13 சதவீதம்.

தங்கை: சிங்கப்பூரில் என் மாமியார் 74 வயதில் தனியாக எல்லா இடமும் போகிறார். வீவக (அரசு கட்டிய அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளத்தைத் திறந்த வெளியாக விட்டிருக்கிறார்கள். அங்கேதான் பாட்டிமார் அரட்டை, கல்யாணம்கூட அங்கே நடக்கும். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூரை போட்ட நடைபாதை. சாலையைக் கடக்க மூத்தோர் அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடி கூடுதலாக எரியும். 2009-லிருந்து இருக்கிறது.

அண்ணா: சிங்கப்பூரில் கார் வாங்கவே ஏலத்தில் உரிமம் எடுக்க வேண்டும். நம் ஊரோடு அதை ஒப்பிடாதே. மயிலாப்பூர் நடைபாதையில் பைக் நிற்கிறது, மின்வாரியப் பெட்டி நிற்கிறது, போன வருஷம் அப்பா தடுக்கி விழவில்லையா? அங்கே இருப்பதுதான் எனக்குப் பயம்.

நான்: பயம் நியாயம்தான். நடைபாதையைச் சரிசெய்யச் சொல்லி நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அப்பா விழுந்தபோது தூக்கி உட்காரவைத்தது யார்?

அப்பா: இஸ்திரி வண்டிக்காரர். பூக்காரம்மா சோடா வாங்கிக் கொடுத்தாள். அவள் பையன்தான் வீட்டுக்கு வந்து சொன்னான்.

அப்பா: நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒரு காலை என்னைக் காணோமென்றால் எட்டு மணிக்குள் போன் வந்துவிடும். வில்லா வாசலில் காவலாளி இருப்பார், அவருக்கு என்னைக் காரின் கண்ணாடி வழியாகத்தான் தெரியும்.

அம்மா: மாடவீதியில் எதுவும் வாங்காமல் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவேன். தி.நகர் பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கினார்களே, அங்கே பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திரு என்று யாரும் சொல்வதில்லை. அந்த மாதிரி ஒரு இடம் கால் எட்டும் தூரத்தில் இருந்தால் போதும் எனக்கு.

அண்ணி: ஒன்று யோசிக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் காலையில் ஆபீஸ் கிளம்பிவிடுவோம். டாக்டர் சொன்னதிலிருந்து மாமா ஸ்கூட்டரைத் தொடுவதில்லை. பகலில் அவர்கள் வெளியே போக யார் இருக்கிறார்கள்? கார் நிறுத்தும் கஷ்டம் எங்களுடையது. அதற்காக அவர்களை வீட்டோடு உட்கார வைப்பது சரியில்லை.

அண்ணா: மெட்ரோ வருமே.

நான்: மூன்றாம் வழித்தடம் சிறுசேரி சிப்காட்டோடு நின்றுவிடுகிறது, அண்ணா. தையூர் கேளம்பாக்கத்துக்கும் அப்பால். அதே தடத்தில் திருமயிலையில்தான் ஸ்டேஷன் கட்டுகிறார்கள், அதுவும் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கிற ஸ்டேஷன்.

சித்தப்பா: குழந்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது. மந்தைவெளிப் பக்கம் லிப்ட் உள்ள பழைய பிளாட் ஏதாவது வந்தால் விசாரிக்கவா?

அண்ணா: விசாரியுங்கள் சித்தப்பா. முன்பணத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். ஞாயிறு அப்பாவைக் கூட்டிக்கொண்டு தையூர் போகிறேன். காரைக் கேட்டில் விட்டுவிட்டு மருந்துக் கடைவரை இரண்டு பேரும் நடந்து பார்க்கிறோம்.

அப்பா: வெயிலுக்கு முன்னால், ஆறரைக்கே போய்விடலாம்டா.

நான்: வேண்டாம் அப்பா, பதினொரு மணிக்குப் போங்கள். அம்மா வேலையெல்லாம் முடித்துக் கடைக்குக் கிளம்புகிற நேரம் அதுதான். குடை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு எங்கே முடிகிறது என்பதையும் பார்த்துக்கொள் அண்ணா.