ஒரு வீட்டில் கொலை, அதே தெருவில் குள்ளன் பொம்மை கடத்தல்: பிரிட்டிஷ் தொடர்களில் இது எப்படி ஒட்டுகிறது?

டர்பன்_புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். வேலைக்காக மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, ரிசர்வாயர் ஹில்ஸில் ஒரு வீட்டின் அவுட்பில்டிங்கில் குடியிருக்கிறேன். வீட்டுக்கார ஆன்ட்டியின் மகள் மான்செஸ்டரில் இருக்கிறார். அவர் கொரோனேஷன் ஸ்ட்ரீட் என்ற பிரிட்டிஷ் தொடரின் பழைய துண்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆன்ட்டி என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்ப்பார். முதலில் மரியாதைக்காக உட்கார்ந்தேன். இப்போது நானே போய்க் கதவைத் தட்டுகிறேன், அந்த அளவுக்கு வந்துவிட்டது.

என் சந்தேகம் இதுதான். 2003-ல் ரிச்சர்ட் ஹில்மன் என்ற ஆள் மனைவியையும் அவள் பிள்ளைகளையும் காரில் கட்டிப்போட்டுக் கால்வாய்க்குள் ஓட்டிவிடுகிறான், நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த துண்டு அதற்குச் சில வருஷம் முந்தையது, அதே தெரு. அங்கே டெரெக் என்பவரின் தோட்டத்துக் குள்ளன் பொம்மையை யாரோ கடத்திப் பணம் கேட்டுக் கடிதம் போடுகிறார்கள், மனுஷன் பிள்ளையைத் தொலைத்தவர் போல இடிந்துபோகிறார். இரண்டும் ஒரே கதை உலகம் என்று நம்ப முடிகிறது, அதுதான் ஆச்சரியம்.

நம் சீரியலில் அழுகை ஆரம்பித்தால் மூன்று வாரத்துக்கு அழுகைதான், கேமரா ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று தடவை போய் வரும். சிரிப்பு வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு மாமாவும் ஒரு வேலைக்காரப் பெண்ணும் தனியாக இருப்பார்கள், அவர்கள் வீட்டில் எழவே விழாது. இவர்கள் மட்டும் எப்படிக் கலக்கிறார்கள்? உண்மையிலேயே நன்றாகச் செய்கிறார்களா, அல்லது ஆன்ட்டியின் தேநீருக்கு நான் மயங்கிவிட்டேனா? ஈஸ்ட்எண்டர்ஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் தொடரும் நாலைந்து பார்த்தேன், அதில் எனக்கு இந்த ருசி வரவில்லை. ஏன் என்றும் யாராவது சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த்_அக்கா:

தம்பி, சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். இங்கே எங்கள் தலைமுறைக்கு இந்தத் தொடர்கள் தெரியாது. டிவியே 1976 ஜனவரியில்தான் வந்தது, வந்த கையோடு பிரிட்டனின் நடிகர் சங்கமான ஈக்விட்டி, நிறவெறி அரசு இருக்கிற நாட்டுக்கு எங்கள் நிகழ்ச்சிகள் கிடையாது என்று நிறுத்திவிட்டது. நியாயமான காரியம்தான், எங்களுக்காகத்தான் செய்தார்கள். ஆனால் அதனால் எங்களுக்குக் கிடைத்தது அமெரிக்கப் பணக்கார வீட்டுச் சண்டைகள், அதில் சிரிப்பு என்றால் வில்லன் சிரிப்பு மட்டும்தான்.

நான் தப்பித்தது நர்ஸ் பயிற்சிக்கு லங்காஷயர் போனதால். 1984. விடுதியில் ஒரே டிவி, திங்களும் புதனும் இரவு ஏழரைக்குக் கொரோனேஷன் ஸ்ட்ரீட், அந்த அரை மணி நேரம் யாரும் குளிக்கக்கூடப் போக மாட்டார்கள். எனக்கு அந்த ஊர்ப் பேச்சு பாதிதான் புரியும். ஆனால் ஹில்டா ஆக்டன் புரிந்தாள். தலையில் சுருள்போடும் குழல்கள், மேலே ஒரு துணி, வாயில் ஊர்வம்பு, ரோவர்ஸ் ரிட்டர்ன் மதுக்கடையில் துடைத்துப் பெருக்கும் வேலை. வீட்டில் ஒரு சுவர் முழுக்க மலைக்காட்சி ஒட்டியிருப்பாள், அதை ஆங்கிலத்தில் ம்யூரல் என்பதற்கு ம்யூரியல் என்று பெருமையாகச் சொல்வாள். அதன் மேல் பறக்கிற மூன்று வாத்துப் பொம்மைகள், நடுவிலிருப்பது மட்டும் தலைகுப்புறக் கவிழ்ந்திருக்கும். புருஷன் ஸ்டான் ஜன்னல் துடைக்கிறவர், ஆனால் ஜன்னலைவிட பீர் கிளாஸைத்தான் அதிகம் தொடுவார். 1964-லிருந்து இருபது வருஷம் ஒரு நாடே இந்த இரண்டு பேரைப் பார்த்துச் சிரித்தது.

அந்த வருஷம் ஆகஸ்டில் ஸ்டானாக நடித்த பெர்னார்ட் யூவென்ஸ் இறந்துவிட்டார். நவம்பரில் கதையிலும் ஸ்டான் போனார். சாவு முடிந்து ஹில்டா வீட்டுக்கு வருகிறாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அவர் சாமான் பொட்டலம் அங்கே இருக்கிறது. பிரிக்கிறாள். உள்ளே மூக்குக்கண்ணாடிக் கூடு. அதைத் திறந்து பார்க்கிறாள், அப்புறம் உடைந்துவிடுகிறாள். ஹில்டாவாக நடித்த ஜீன் அலெக்ஸாண்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் விடுதியில் கண்டிப்புக்குப் பேர்போன ஒரு வார்டு சிஸ்டர் எழுந்து வெளியே போய்விட்டார், மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் நடைவழியில் கேட்டது.

அந்த அழுகைக்கான முதலீடு இருபது வருஷச் சிரிப்பில் போட்டது தம்பி. ஸ்டானைப் பார்த்து நாம் சிரித்திராவிட்டால் அது யாரோ ஒரு கிழவரின் கண்ணாடி.

ஒன்று சொல்கிறேன், கதைக்குச் சம்பந்தம் இருக்கிறது. என் தாத்தா இறந்து பதினாறாம் நாள், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் பெண்கள் எல்லாம் வேகவைத்த மடும்பிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். தாத்தாவின் கோட்டை யாருக்குக் கொடுப்பது என்று எடுத்தபோது உள்பையிலிருந்து கிரேவில் குதிரைப் பந்தயச் சீட்டு ஒன்று விழுந்தது. பந்தயத்தை விட்டு பத்து வருஷம் ஆயிற்று என்று சாமி படத்தின் முன் சத்தியம் செய்தவர் அவர். ஒரு சித்தி தேதியைப் படித்தாள், சாவதற்கு நாலு நாள் முன்பு. அடுப்படியே விழுந்து விழுந்து சிரித்தது, ஆயாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அந்தச் சீட்டை வாங்கி நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். யாருக்கும் பேச்சு வரவில்லை, மடும்பித் தோல் மட்டும் தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

ஹில்டாவைப் பார்த்தபோது எனக்கு ஆயாதான் தெரிந்தாள்.

கரும்புக்காடு:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை.

தம்பி, ஒரு திருத்தம். சிரிப்புக்குத் தனி ஆள் வைப்பது சினிமாவும் சீரியலும் பழக்கிய பழக்கம், அதை நம் பழக்கம் என்று சொல்லாதீர்கள். நான் டொங்காட் பக்கம், எங்கள் பாட்டனார் கரும்புத் தோட்ட பாரக்ஸில் தெருக்கூத்து ஆடியவர், இங்கே ஆங்கிலத்தில் அதை ஆறடி ஆட்டம் என்பார்கள். கூத்தில் கட்டியங்காரன் திரௌபதி துகில் உரிகிற கட்டத்திலும் உள்ளே புகுந்து நக்கல் அடிப்பான், ராஜாவையே கிண்டல் செய்வான், அடுத்த அடியில் பாட்டு ஏறும்போது சனம் அழும். ஆகக் கலப்பது நமக்குப் புதிதில்லை.

ஆனால் அக்கா சொன்னதிலிருந்து ஒரு வித்தியாசம் பிடிபடுகிறது. கட்டியங்காரன் கடைசிவரை கட்டியங்காரன்தான், அவன் பெண்டாட்டி சாக மாட்டாள். கொரோனேஷன் ஸ்ட்ரீட்டில் யார் சிரிக்கவைத்தார்களோ அவர்கள் வீட்டுக்கே துக்கம் வரும்.

ஜாக், வேரா டக்வொர்த் ஜோடியைப் பாருங்கள். உடைந்த மூக்குக்கண்ணாடிக்குப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு திரிவார் ஜாக், அவருக்குப் புறாக்கள்தான் உயிர். வேரா வீட்டு முன்சுவரில் போலிக் கல் பதித்து, தெருவே கண்ணைப் பொத்திக்கொள்ள, தான் மட்டும் அரண்மனை என்று நினைத்துக்கொள்வாள். வாய் திறந்தால் சண்டை. 2008 ஜனவரியில், பிளாக்பூலுக்குக் குடிபோகத் திட்டம் போட்டிருந்த நேரத்தில், ஜாக் வீட்டுக்கு வருகிறார், வேரா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறாள். 2010 நவம்பரில் ஜாக்கும் அதேபோல நாற்காலியில். அப்போது வேரா வருகிறாள், வந்தும் திட்டத்தான் செய்கிறாள், அப்புறம் இரண்டு பேரும் ஆடுகிறார்கள். பேய் வருகிற காட்சி, எழுதிப் பார்த்தால் அபத்தம். திரையில் அபத்தமாக இல்லை. ஏனென்றால் அவள் தேவதையாகி வரவில்லை, வேராவாகவே வந்தாள்.

இதை டோனி வாரன் 1960 டிசம்பரில் ஆரம்பித்தபோதே போட்டுவிட்டார். ஈனா ஷார்ப்பிள்ஸ், மினி கால்டுவெல், மார்த்தா லாங்ஹர்ஸ்ட் என்று மூன்று கிழவிகள் மதுக்கடையின் சின்ன அறையில் உட்கார்ந்து ஊரையே பிரித்து மேய்வார்கள். 1964-ல் வெளியே கொண்டாட்டம் நடந்துகொண்டிருக்க மார்த்தா அந்த மேசையிலேயே இறந்துபோனாள்.

ஃபீனிக்ஸ்_பையன்:

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் சொன்னதெல்லாம் பழைய கணக்கு. வாரம் இரண்டு அரை மணி நேரம் எழுதினால் ஒரு கிழவி சுவரில் வாத்து மாட்டுவதற்கு ஐந்து நிமிஷம் கொடுக்கலாம். 1989-ல் மூன்றாவது நாள் சேர்த்தார்கள், அப்புறம் கூட்டிக்கொண்டே போனார்கள். அத்தனை நேரத்தை வாத்தை வைத்து நிரப்ப முடியாது, அதனால் கொலைகாரன், கடத்தல், 2010-ல் ஐம்பதாவது ஆண்டுக்கு மேம்பாலத்திலிருந்து டிராம் தெருவில் விழுவது. டிராம் காட்சி நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு பேரழிவு வரும் தெருவில் குள்ளன் பொம்மை காணாமல் போனால் எவன் அலட்டிக்கொள்வான்?

ஈஸ்ட்எண்டர்ஸ் பற்றிக் கேட்டீர்களே. எங்கள் வீட்டில் டிஎஸ்டிவி என்ற சாட்டிலைட் டிவி வந்த பிறகு பிபிசி ப்ரைமில் அம்மா பார்ப்பார், நான் ஹோம்வொர்க் செய்வதுபோல நடித்துக்கொண்டு பார்ப்பேன். அது 1985-ல் பிறந்ததே வேறு குணத்தில். 1986 கிறிஸ்துமஸ் அன்று டென், மனைவி ஆஞ்சியிடம் விவாகரத்துக் காகிதத்தைக் கொடுத்து ‘ஹேப்பி கிறிஸ்துமஸ்’ என்கிறான், மூன்று கோடிப் பேர் பார்த்தார்கள். அன்றிலிருந்து வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் என்றால் அந்தச் சதுக்கத்தில் யாராவது நாசமாக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு நாளும் முடிவில் அந்த டம் டம் மேளம் வேறு. மேளத்துக்கு முன்னால் ஜோக் வைக்க முடியாது பாருங்கள்.

ஆனால் டாட் காட்டனை விட்டுவிட்டுப் பேசினால் பாவம். ஒரு கையில் சிகரெட், வாயில் பைபிள், இல்லாத வியாதி கிடையாது. அவள் தோழி எத்தெல், அவளுடைய நாய்க்குட்டிக்கு வில்லி என்று பேர், அந்தப் பேரை வைத்து எத்தனை இரட்டை அர்த்தம் என்று எங்கள் அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை, நான் சொல்லவும் இல்லை. 2000-ல் அந்த எத்தெல், நோய் தாங்காமல், சாக உதவு என்று டாட்டிடம் கேட்கிறாள். அப்படி உதவுவது பாவம் என்று நம்புகிற டாட்டிடம்! 2008-ல் ஒரு முழு அரை மணி நேரம் டாட்டாக நடித்த ஜூன் பிரவுன் ஒருத்தரே ஒலிநாடாவில் பேசிக்கொண்டிருந்தார், பக்கவாதம் வந்த புருஷனுக்காக. ஆக அங்கேயும் இந்த வித்தை தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், குறைவாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

இவர்கள் சறுக்குவது வெளியாளை வைத்துச் சிரிக்கப் போகும்போது. 1997-ல் ஈஸ்ட்எண்டர்ஸ் குடும்பம் ஒன்றை அயர்லாந்துக்கு அனுப்பினார்கள், அந்த ஊர்க்காரர்களைக் குடிகாரர்கள், முரடர்கள் என்று காட்டிவைத்து, புகார் குவிந்து பிபிசி மன்னிப்புக் கேட்டது. எனக்கு அதில் அதிசயம் இல்லை, இங்கே நம் ஆட்களை டிவியில் சிரிப்புக்குக் காட்டும்போது எப்படிக் காட்டுகிறார்கள் என்று பார்த்து வளர்ந்தவன் நான். டர்பன் இழுவைப் பேச்சு, கழுத்தில் தங்கச் சங்கிலி, ஏமாற்றுக் கடைக்காரர். ஹில்டாவைப் பார்த்து லங்காஷயர்க்காரர்கள் சிரித்தது தன் அத்தையைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி. எங்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தது அப்படியில்லை.

சாட்ஸ்வொர்த்_அக்கா:

ஃபீனிக்ஸ் தம்பி, நிறைய எழுதினால் நீர்த்துப்போகும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழுக்க இல்லை. அதே தெருவில் ராய் க்ராப்பரின் மனைவி ஹேலி இறந்தது 2014 ஜனவரி, அது நீங்கள் சொல்லும் நீர்த்த காலம்தான். ராய் ரயில் பைத்தியம், ஒரு பையைத் தோளிலிருந்து இறக்க மாட்டார், யாராவது நலமா என்று கேட்டால் கால அட்டவணை சொல்கிற மாதிரி பதில் சொல்வார். அந்த மனுஷன் சாகிற ஹேலியின் பக்கத்தில் படுத்திருந்த காட்சியை நான் முப்பது வருஷம் வார்டில் வேலை பார்த்துவிட்டு வந்து பார்த்தேன், தாங்கவில்லை.

உள்ளூரில் கேட்டால் செவெண்ட லான் என்ற ஆஃப்ரிகான்ஸ் தொடர் இந்தக் கலவையை ஓரளவு பிடித்தது, அந்த ஆப்பிகாஃபி காப்பிக்கடையில். அங்கே இருந்தவளும் ஒரு ஹில்டாதான், வேடிக்கை. 2023 கடைசியில் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

டர்பன்_புதுசு:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. கூத்து விஷயத்தில் கரும்புக்காடு அண்ணன் சொன்னது சரி, மதுரைக்காரன் நான் அதை மறந்தது வெட்கம்.

நேற்று ஆன்ட்டியோடு ஜாக், வேரா துண்டைப் பார்த்தேன். புறாக்கூண்டு வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தார், நாற்காலி வந்ததும் எழுந்து, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று உள்ளே போனார். அடுப்பில் பால் இல்லை, நான் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அங்கிள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

அடுத்த ஞாயிறு ஸ்டான் கண்ணாடிக் காட்சியைப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன். எனக்கு அந்தப் பேச்சும் சரியாகப் பிடிபடவில்லை, கீழே எழுத்து ஓடுகிற மாதிரி எங்காவது கிடைக்குமா அக்கா?

சாட்ஸ்வொர்த்_அக்கா:

எழுத்து எதற்கு தம்பி, அந்தக் காட்சியில்தான் பேச்சே இல்லையே. ஆன்ட்டியிடம் முதலில் கேட்டுவிட்டுப் போடுங்கள். அதற்கு முன்னால் அந்தச் சுவரும் வாத்தும் வருகிற துண்டு ஏதாவது ஒன்று கண்டிப்பாகக் காட்டுங்கள்.